டி-சர்ட் ஸ்டிக்கர் பிரிண்ட் உரியாமல், வெடிக்காமல் இருக்க: ஹீட் பிரஸ் முதல் கொடிக்கயிறு வரை முழுமையான வழிகாட்டி

கோயில் திருவிழாவுக்கு அடித்த டி-சர்ட் மூன்றாம் துவைப்பிலேயே ஓரம் எழும்பி நிற்கும். அதே பட்டறையில் அதே வாரம் போட்ட இன்னொரு டி-சர்ட் இரண்டு வருடம் தாண்டியும் புதிதுபோல இருக்கும். இரண்டுக்கும் மை ஒன்று, படத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷினும் ஒன்று. வித்தியாசம் அடியில் இருக்கும் பசையில். அது துணிக்குள் எவ்வளவு இறங்கியது என்பதில் பாதி ஆயுள் முடிவாகிறது. வீட்டில் அதை மறுபடி சூடாக்கினோமா என்பதில் மீதிப் பாதி.

பேச்சுவழக்கில் ‘ஸ்டிக்கர் பிரிண்ட்’ என்று சொல்லும் எல்லாவற்றிலும் (வினைல், டிடிஎஃப் என்னும் டைரக்ட்-டு-ஃபிலிம், டிரான்ஸ்ஃபர் பேப்பர்) அடியில் இருப்பது சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் பசை. ஒருமுறை இறுகியபின் மறுபடி இளகாத பசை அல்ல அது. எந்தச் சூடு அதை ஒட்ட வைத்ததோ அதே சூடு மறுபடி கிடைத்தால் திரும்பவும் இளகும். வெந்நீர் ஏன் கூடாது, இஸ்திரிப் பெட்டியை ஏன் மேலே வைக்கக்கூடாது, டிரையர் ஏன் ஆகாது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. படத்தை அடித்துக் கொடுப்பவருக்கும் வாங்கிப் போடுபவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

முதலில் உங்கள் சட்டையில் இருப்பது எது?

விரலால் தடவிப் பாருங்கள். துணிக்கும் படத்துக்கும் தடவலில் எந்த வித்தியாசமும் இல்லை, துணி வழவழப்பான பாலியஸ்டர் என்றால் அது சப்ளிமேஷன். கபடி, கிரிக்கெட் குழுக்களின் ஜெர்சிகளில் பெரும்பாலும் இதுதான். சாயமே ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள் புகுந்துவிடுவதால் இதில் பசையே கிடையாது. உரியாது, வெடிக்காது, வெயிலில் மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான். இதன் குறை, பருத்தியில் வேலை செய்யாது என்பது. கலப்புத் துணியில் பாலியஸ்டர் 65 சதவீதத்துக்குக் குறைந்தால் படம் முதல் துவைப்பிலேயே மங்கிப்போகும், ஏனென்றால் பருத்தி இழைமேல் படிந்த சாயத்துக்குப் பிடிப்பே இல்லை. கருப்புத் துணியிலும் ஆகாது, வெள்ளைச் சாயம் என்று ஒன்று இந்த முறையில் இல்லை.

ஒரே நிறம், வெட்டி எடுத்தாற்போன்ற கூர்மையான ஓரம், முதுகில் பெயரும் எண்ணும் என்றால் அது வினைல். ரோலாக வரும் பாலியூரித்தேன் படலத்தை பிளாட்டரில் (கணினி சொல்லும் வடிவில் கத்தியால் வெட்டும் மெஷின்) வெட்டி, வேண்டாததை உரித்தெடுத்து ஒட்டுவது.

பல நிறம், புகைப்படம்போலத் தெளிவு, தடவினால் மெல்லிய ரப்பர் தாள்போன்ற உணர்வு என்றால் டிடிஎஃப். ‘பெட்’ (PET) என்ற பிளாஸ்டிக் ஃபிலிமில் வண்ண மையும் அதன்மேல் வெள்ளை மையும் அச்சடித்து, ஈரமாக இருக்கும்போதே பசைப் பவுடர் தூவி, பவுடரை உருக்கி, பிறகு துணியில் அழுத்துவார்கள். திருப்பூரிலும் வெளியூர்களிலும் சிறு ஆர்டர் எடுக்கும் பட்டறைகளில் இப்போது அதிகம் ஓடுவது இது.

படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு மெழுகுப் படலம் தெரிந்தால் அது வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த டிரான்ஸ்ஃபர் பேப்பர். எவ்வளவு பொத்திப் பாதுகாத்தாலும் இதன் ஆயுள் குறைவு. ஒருநாள் விழாவுக்கு ஆகும். தினமும் போடும் சட்டைக்கு வேண்டாம்.

நல்ல பாலியூரித்தேன் வினைலுக்கும் நல்ல டிடிஎஃப்புக்கும் 50 துவைப்பு என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த எண்ணுக்கு உள்ளே சில நிபந்தனைகள் உண்டு: குளிர்ந்த தண்ணீர், உள்புறம் திருப்பிய சட்டை, ப்ளீச் இல்லை, சூடான டிரையர் இல்லை. துவைகல்லும் பிரஷும் அந்தக் கணக்கில் இல்லை.

துணியைப் பார்க்காமல் பிரஸ் பண்ணாதீர்கள்

பட்டறையில் வரும் புகார்களில் மெஷினைக் குற்றம் சொல்லிவிட்டுத் துணியை மறந்துவிடுகிறோம். பின்னலாடைத் துணி சாயப்பட்டறையிலிருந்து வெளிவரும்போது மெதுமெதுப்புக்காக சிலிக்கான் சாஃப்ட்னர் ஏற்றுவது வழக்கம். கையில் எடுத்தால் வெண்ணெய்போல வழுக்கும். வாங்குபவருக்கு அது பிடிக்கும், பசைக்குப் பிடிக்காது. எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. முத்துபோல உருண்டு நின்றால் சிலிக்கானோ தண்ணீர் ஒட்டாத ஃபினிஷோ இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சும் வகை சிலிக்கானும் உண்டு என்பதால் சொட்டு இறங்கிவிட்டது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. துணியை நீங்களே ஆர்டர் கொடுத்து வாங்குவதாக இருந்தால், பிரிண்டுக்குப் போகும் துணி என்று சாயப்பட்டறையில் முன்கூட்டியே சொல்லி சிலிக்கானைக் குறைக்கச் சொல்லலாம். அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சரிக்கட்டலும் இதற்கு ஈடாகாது.

பயோ வாஷ் செய்த துணி கூடுதல் நல்லது. என்சைம் வைத்து மேலே நிற்கும் பொடி இழைகளை நீக்கிவிடுவதால் பசை பஞ்சைப் பிடிக்காமல் நூலைப் பிடிக்கும். பஞ்சு மேலே நிற்கும் மலிவுத் துணியில் படம் உரியாமலே பழசாகிவிடும். துவைக்கத் துவைக்க இழைகள் படத்தைத் துளைத்து மேலே வந்து, நிறத்தின்மேல் வெள்ளைப் பனி படிந்ததுபோல ஆக்கிவிடும். மை வெளுத்துவிட்டது என்று வாடிக்கையாளர் சொல்வது பல நேரம் இதைத்தான்.

180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண டி-சர்ட் பின்னல், பசையால் ஒட்டும் எல்லா முறைக்கும் தோதான துணி. ரிப், லைக்ரா கலந்த துணி என்றால் நீளும் தன்மையுள்ள வினைலும், டிடிஎஃப்பில் டிபியு (நீளும் தன்மையுள்ள பாலியூரித்தேன்) பவுடரும் கட்டாயம். சாதாரண வினைல் துணியோடு சேர்ந்து நீளாது. ஒருமுறை தலைவழியாகப் போட்டுக் கழற்றினாலே கோடு விழும்.

பாலியஸ்டரில் சிக்கல் வேறு. சாயம் போட்ட பாலியஸ்டரை, குறிப்பாகச் சிவப்பு, மெரூன், நேவி நிறங்களை அதிகச் சூட்டில் பிரஸ் செய்தால் நூலுக்குள் இருக்கும் சாயம் ஆவியாகிப் படத்துக்குள் ஏறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எண், பிங்க் எண்ணாக மாறும். அன்றே தெரியாது, ஓரிரு நாள் கழித்து, டெலிவரி ஆனபின் தெரியும். அதனால்தான் இதில் இவ்வளவு நஷ்டம். 120 முதல் 130 டிகிரி செல்சியஸில் ஒட்டும் குறைவெப்ப வினைல், அல்லது சாயத்தைத் தடுக்கும் கருப்பு, சாம்பல் அடித்தளம் உள்ள படலம், இவற்றில் ஒன்றை எடுங்கள். மாதிரி ஒன்று அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள்.

மெஷினைச் சரிபார்ப்பது

டிஸ்ப்ளேயில் 155 என்று காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. தட்டின் மூலையில் அது 140 ஆக இருக்கலாம். படத்தின் மூன்று மூலை நன்றாக ஒட்டி ஒரு மூலை மட்டும் எப்போதும் எழும்புகிறதா? பெரும்பாலும் அந்த மூலையில் தட்டு ஆறிக்கிடக்கிறது. நடுவிலும் நான்கு மூலைகளிலும் தொடுமுனை உள்ள வெப்பமானியாலோ வெப்ப அடையாளப் பட்டையாலோ அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத் தட்டில் அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி குறைத்துக் காட்டும். டெஃப்லான் பூசிய கறுத்த தட்டில் ஓரளவு நம்பலாம். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரிய படத்தை அந்த மெஷினில் ஒரே அழுத்தில் போடாதீர்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் ஹீட்டரின் சக்தி நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். முதல் பத்து பீஸ் நன்றாக வரும். வேகமாக அடுத்தடுத்துப் போடும்போது தட்டு பழைய சூட்டுக்குத் திரும்ப நேரம் கிடைக்காமல் பதினொன்றாவது பீஸிலிருந்து ஒட்டல் பலவீனமாகும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஏரியா என்றால் பீஸ்களுக்கு நடுவே டிஸ்ப்ளே மறுபடி செட் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

அழுத்தத்துக்கு ஒரு எளிய சோதனை: நான்கு மூலையிலும் நடுவிலும் காகிதத் துண்டு வைத்து, சூடாக்காமல் மெஷினை மூடி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று வழுக்கி வந்தால் அந்தப் பக்கம் தட்டு சாய்ந்திருக்கிறது. காற்றழுத்த மெஷினில் 40 முதல் 60 பிஎஸ்ஐ பெரும்பாலான வேலைக்குப் போதும்.

அழுத்தும் வரிசை

1. சட்டையைத் தட்டில் விரித்து, காலர், தோள் தையல், பாக்கெட் எல்லாவற்றையும் தட்டுக்கு வெளியே தொங்க விடுங்கள். ஒரு தையல் மேடு கீழே இருந்தால் அதைச் சுற்றி அரை அங்குலம் அழுத்தமே படாது. தவிர்க்க முடியாவிட்டால் படம் வரும் இடத்துக்குக் கீழே, உள்பக்கமாக ஒரு சூடு தாங்கும் ஃபோம் பேட் வைத்து மேட்டைக் காட்டிலும் உயர்த்துங்கள்.

2. பஞ்சு ஒட்டும் ரோலரை ஒருமுறை ஓட்டுங்கள்.

3. வெறும் சட்டையை 3 முதல் 5 விநாடி அழுத்துங்கள். கனமான லூப்நிட் (உள்பக்கம் நூல் வளையங்கள் நிற்கும் தடித்த பின்னல்) என்றால் 10 வரை. இதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. நடுத்தர ஈரப்பதத்தில்கூட பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். முன் அழுத்தம் கொடுக்காவிட்டால் அந்தத் தண்ணீர் படத்துக்கு அடியில் ஆவியாகி, பசை இறங்க வேண்டிய இடத்தில் குமிழாக நிற்கும். தட்டைத் திறக்கும்போது ஆவி எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆவி நின்றபின்தான் படத்தை வையுங்கள்.

4. படத்தை வையுங்கள். பெரியவர் சட்டையில் மார்புப் படத்தின் மேல்விளிம்பு காலர் தையலிலிருந்து சுமார் 3 அங்குலம் கீழே. வயிற்று மடிப்பு விழும் இடத்தில் பெரிய படம் வேண்டாம், உட்காரும்போதெல்லாம் அங்கே மடியும்.

5. அழுத்துங்கள். பாலியூரித்தேன் வினைல்: 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 விநாடி. டிடிஎஃப்: 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 விநாடி. சப்ளிமேஷன்: 195 முதல் 205 டிகிரி, 40 முதல் 60 விநாடி. ஃபிலிமோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி, இதுவல்ல.

6. உரிக்கும் நேரம் ஃபிலிமைப் பொறுத்தது. சூடாக உரிப்பதைச் சூடாகவே, ஆறியபின் உரிப்பதை உள்ளங்கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறியபின். ஆற வேண்டியதை அவசரத்தில் உரித்தால் இளகிய பசை துணியை விட்டு ஃபிலிமோடு வந்துவிடும். மேல்நோக்கித் தூக்காமல், துணிமேல் படுக்கவைத்தபடி பின்னோக்கி மெதுவாக இழுங்கள். ஏதாவது ஓரம் ஃபிலிமோடு வந்தால் அப்படியே திரும்பப் படுக்கவைத்து இன்னும் 5 விநாடி அழுத்தி, முழுக்க ஆறவிட்டு உரியுங்கள்.

7. இரண்டாம் அழுத்தம்: டெஃப்லான் ஷீட்டோ பட்டர் பேப்பரோ வைத்து 5 முதல் 10 விநாடி. படத்துக்குமேல் இப்போது ஃபிலிம் இல்லாததால் பசை நூலின் இடுக்குகளுக்குள் இன்னும் இறங்கும், ஓரம் படியும். பட்டர் பேப்பருக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணி வைத்தால் பளபளப்பு குறைந்து துணிபோலவே தெரியும். ஆர்டர் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தப் படிதான். டிடிஎஃப்பில் இதைச் செய்த பீஸையும் செய்யாத பீஸையும் பக்கத்தில் வைத்து ஐந்து துவைப்பு போட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

8. 24 மணி நேரம் துவைக்காமல் வைக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.

டிடிஎஃப் ஃபிலிமை வெளியில் அடித்து வாங்குபவர்கள் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். பவுடர் சரியாக உருகியிருந்தால் ஆரஞ்சுத் தோல்போல மெல்லிய மேடுபள்ளத்தோடு ஒரே பளபளப்பாக இருக்கும். மணல்போலச் சொரசொரப்பாக, வெள்ளைப் பொடி தெரிந்தால் சூடு போதவில்லை; உங்கள் பிரஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உரியும். மஞ்சளித்து முறுமுறுவென்று இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது; அது ஒட்டும், ஆனால் வெடிக்கும். மேலே எண்ணெய் கசிந்ததுபோலப் பிசுபிசுத்தால் மையிலுள்ள ஈரம்காக்கும் கிளிசரின் வகைப் பொருள் முழுக்க உலரவில்லை, அல்லது ஃபிலிம் ஈரக்காற்றில் கிடந்திருக்கிறது. ஃபிலிமை மூடிய கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நிழலில் வையுங்கள்.

டிசைன் போடும்போதே ஆயுள் கூட்டலாம். வினைலில் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு நிற்காது. டிடிஎஃப்பில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பவுடர் தங்குவதற்கே இடமில்லை. கூரிய மூலைகளை வளைத்துவிடுங்கள். உரிவது எப்போதும் முனையில்தான் தொடங்குகிறது. ஒரு அடிக்கு ஒரு அடி நிரம்பிய சதுரப் படம் நெஞ்சில் பிளாஸ்டிக் பலகை கட்டியதுபோல. வியர்வை வெளியேறாது, மடிப்பில் வெடிக்கும். நடுவே துணி தெரியும்படி இடைவெளி விட்டோ புள்ளிகளாக உடைத்தோ வரைந்தால் படம் துணியோடு சேர்ந்து வளையும்.

கொடுப்பதற்கு முன் சோதனை

ஏற்றுமதி ஆர்டர்களில் துவைப்பு உறுதிக்கு ஐஎஸ்ஓ 105-சி06, உரசல் உறுதிக்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 போன்ற முறைகளில் லேப் ரிப்போர்ட் கேட்பார்கள். மதிப்பெண் 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மோசம். உரசல் சோதனையில் 9 நியூட்டன் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், வெள்ளைப் பருத்தித் துணியைப் பத்துமுறை முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். லேப் வேண்டாத ஆர்டருக்கு இதையே விரலில் வெள்ளைத் துணி சுற்றி, காய்ந்தபடி பத்து, நனைத்துப் பத்து என்று செய்து பாருங்கள். துணியில் நிறம் ஏறக்கூடாது.

அடுத்து இழுவை. ஆறிய படத்தை அகலவாக்கில் கால் பங்கு கூடுதலாக நீட்டி விடுங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் மை அல்லது பசை இறுகிவிட்டது. ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். ஒரு நுனியாவது எழும்பினால் அதைத் துவைப்பு மிச்சம் வைக்காது. கடைசியாக, 24 மணி நேரம் கழித்து 40 டிகிரியில் ஐந்து மெஷின் துவைப்பு. நூறு பீஸுக்கு மேல் போகும் ஆர்டரில் ஒரு பீஸை இதற்குப் பலிகொடுப்பது நஷ்டமே இல்லை.

என்ன கோளாறு, எதனால்?

உரிந்த படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் சொல்லும். படம் முழுசாக, பசையோடு சேர்ந்து சுத்தமாகக் கழன்று, துணியில் ஒரு தடயமும் இல்லையா? பசை துணியைப் பிடிக்கவே இல்லை. துணியில் சிலிக்கான், அல்லது ஈரம், அல்லது அழுத்தம் போதாது. துணியில் பசையும் வெள்ளையும் தங்கி வண்ணம் மட்டும் உரிகிறதா? பிரஸ் சரியாகவே நடந்திருக்கிறது, கோளாறு ஃபிலிம் அச்சடித்த இடத்தில். மை அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பட்டறைக்கும் ஃபிலிம் சப்ளையருக்கும் நடக்கும் பாதிச் சண்டை தீரும்.

நடுவில் குமிழ் என்றால் ஈரம். சுற்றிலும் ஓரம் எழும்பினால் சூடு அல்லது நேரம் குறைவு. குறுக்காக மெல்லிய வெடிப்புகள் என்றால் நீளாத படலத்தை நீளும் துணியில் ஒட்டியிருக்கிறார்கள், அல்லது வீட்டில் இஸ்திரி பட்டிருக்கிறது. பாலியஸ்டரில் படத்தைச் சுற்றிப் பளபளவென்று தட்டின் சதுர அடையாளம் தெரிந்தால் சூடோ அழுத்தமோ அதிகம். லேசாக நனைத்து ஆவி காட்டினால் பருத்தியில் போய்விடும், பாலியஸ்டரில் பல நேரம் போகாது.

வீட்டில் துவைப்பது

சட்டையை உள்புறம் திருப்புங்கள். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றால் இதையாவது செய்யுங்கள். படம் படத்தோடோ துணியோடோ உரசுவது இதிலேயே குறைந்துவிடும்.

தண்ணீர் 30 டிகிரிக்குள், அதாவது குழாய்த் தண்ணீர் அப்படியே போதும். கீசர் தண்ணீர் வேண்டாம். சோப்புத்தூளை முதலில் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டுச் சட்டையைப் போடுங்கள். திரவச் சோப்பு இன்னும் நல்லது. ஊறவைப்பது 15, 20 நிமிடம் போதும், இரவு முழுக்க வேண்டாம். ஊறிய துணி உப்பும்போது படம் அதனோடு உப்பாது; அந்த இழுபறி ஓரத்தில்தான் தெரியும். துவைகல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, சோப்புக் கட்டியைப் படத்தின்மேல் தேய்ப்பது மூன்றும் கூடாது. காலரிலும் அக்குளிலும் அழுக்கு என்றால் அங்கே மட்டும் கையால் கசக்குங்கள்.

கோவை, திருப்பூர் பக்கம் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கட்டிச் சோப்பு போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான திரை படத்தின்மேல் படிந்து நிறத்தை மங்கலாக்கும். அந்த ஊர்களில் கட்டிச் சோப்பைக் காட்டிலும் டிடெர்ஜெண்ட் நல்லது. கடைசி அலசலை முடிந்தால் நல்ல தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளீச், கறைநீக்கும் திரவம், துணி மென்மையாக்கும் கண்டிஷனர் எதுவும் வேண்டாம். கண்டிஷனர் செய்வதும் சாயப்பட்டறை சிலிக்கான் செய்வதும் ஒரே வேலை, பசைக்கும் நூலுக்கும் நடுவே வழுக்கலை ஏற்றுவது. கஞ்சி போடும் பழக்கம் இருந்தால் இந்தச் சட்டைக்கு வேண்டாம். கஞ்சி போட்டால் சூடான இஸ்திரி போட்டே ஆகவேண்டும். டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள், அங்கே பயன்படும் கரைப்பான்கள் பசையை இளக்கும். சானிடைசர், நகப்பாலிஷ் ரிமூவர் பட்டாலும் இதே கதை.

மெஷினில் போட்டால் மென்மையான சைக்கிள், டிரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல். ஜிப், கொக்கி உள்ள ஜீன்ஸோடு சேர்க்காதீர்கள். மேலிருந்து போடும் மெஷினில் துணிகள் முறுக்கிக்கொள்ளும் என்பதால் சட்டையை வலைப்பையில் போடுவது நல்லது. கையால் துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் மடித்து அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

உலர்த்துவது நிழலில், உள்புறம் வெளியே தெரிய. கொடிக்கயிறு படத்தின் நடுவில் விழும்படி போட்டால் அந்த மடிப்பிலேயே முதல் வெடிப்பு வரும். கீழ் விளிம்பில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். மஞ்சள் கறை விழுந்த சட்டையை வெயிலில் போட்டால் கறை போகும் என்பது உண்மைதான். ஆனால் கறை உள்ள பக்கம் மட்டும் வெயிலில் படும்படி மடித்துப் போடுங்கள்.

இஸ்திரி

படங்கள் அதிகம் செத்துப்போவது இங்கேதான். இஸ்திரிப் பெட்டியில் ‘காட்டன்’ என்ற இடத்தில் சூடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். படம் ஒட்டியதே 155இல். நேராக மேலே வைத்தால் பசை இளகி, மை பெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். உள்புறம் திருப்பி, லேபிளில் ஒரு புள்ளி காட்டும் சூட்டில், சுமார் 110 டிகிரியில், ஆவி இல்லாமல் தேயுங்கள். உள்பக்கம் தேய்க்கும்போதும் படம் இருக்கும் இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள்.

தெருமுனை இஸ்திரிக் கடையில் கரிப் பெட்டிக்குச் சூட்டு அளவு கிடையாது. அனுபவத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்துத்தான் அவர் வேலை செய்கிறார், வேட்டிக்கும் சட்டைக்கும் அது சரியாகவே இருக்கும். உங்கள் டி-சர்ட்டை மூட்டைக்குள் வைத்து அனுப்பாமல் தனியாக எடுத்துக் காட்டி, “அண்ணே, இந்தப் படத்து மேல பெட்டி வைக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அலமாரியில் படமும் படமும் ஒட்டும்படி மடிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் கார் பின்கண்ணாடியருகே அப்படி மடித்து வைத்த சட்டையைப் பிரிக்கும்போது படம் இரண்டாகப் பிரியலாம். நீண்டநாள் எடுத்துவைக்கும் சட்டையில் படத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து மடியுங்கள்.

ஓரம் எழும்பிவிட்டால்

எழும்பிய அன்றே கவனித்தால் மீட்கலாம். துவைத்து முழுக்கக் காயவிட்டு, அழுக்கும் பஞ்சும் இல்லாமல் அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். பட்டறையில் என்றால் 150 டிகிரி, 10 முதல் 15 விநாடி, மேலே டெஃப்லான் ஷீட். வீட்டில் என்றால் மெத்தை வேண்டாம், கெட்டியான மேசைமேல் ஒரு பருத்தித் துணி விரித்துச் சட்டையை வையுங்கள். படத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து, இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில், ஆவியை நிறுத்திவிட்டு, உடல் எடையைக் கொடுத்து 10 விநாடி அழுத்துங்கள். நகர்த்தக்கூடாது; பெட்டியைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். பேப்பர் முழுக்க ஆறியபிறகு உரியுங்கள், மறுபடி 24 மணி நேரம் துவைக்காதீர்கள். மெழுகுத்தாள் பயன்படுத்த வேண்டாம், மெழுகு துணியில் இறங்கிவிடும்.

வெடித்த படத்துக்கு இந்த வழி உதவாது. வெடிப்புக்குள் ஒட்ட மை இல்லை. சப்ளிமேஷனில் வெளுத்ததையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதே ஓரம் இரண்டாம் முறையும் எழும்பினால் அந்த இடத்தில் பசையில் பஞ்சு ஏறிவிட்டது, மூன்றாம் முறை அழுத்தினாலும் நிற்காது. சிறிய கூரிய கத்தரியால் எழும்பிய நுனியை மட்டும், மூலை இல்லாமல் வளைவாக வெட்டிவிடுங்கள். அப்படியே விட்டுவைத்தால் அடுத்த துவைப்பில் தண்ணீர் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நன்றாக ஒட்டியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து இழுக்கும்.